உங்களைவிடத் தேவையுள்ளவர் உண்டா?

எங்கள் வட்டாரத்தில், இங்கே அதைக் கவுண்டி என்போம், யாரும் எதையும் கேட்டு வாங்கியதில்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, வயிற்றெரிச்சலில் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கால் ஒடிந்து கிடப்பவனிடம் போய் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "இன்னொரு காலு நல்லாத்தான் இருக்கு" என்பான். வடக்கு டகோட்டாவில் பிறந்தவன் அப்படித்தான் இருப்பான். இங்கே மலை கிடையாது, விறகுக்குக்கூட மரம் கிடையாது. கனடாவில் கிளம்புகிற காற்று நேராக எங்கள் சமையலறையில் வந்துதான் மூச்சு வாங்கும். குளிருகிறதா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன வருஷம் இதவிட மோசம்" என்போம்.

இப்படிப்பட்ட ஜனங்களுக்கு எங்கள் விவசாயிகள் கூட்டுறவு கேஸ் விற்றுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஒரு வெள்ளை டேங்க். அந்த கேஸில்தான் வீட்டைச் சூடாக்கும் உலை எரியும், அடுப்பும் எரியும். டேங்க் கூட்டுறவின் சொத்து, அதில் வேறு கடைக்காரன் நிரப்பினால் சட்டப்படி குற்றம். லாரி ஓட்டும் ஆர்லின் தன் பாட்டுக்கு வருவான், முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பான், குழாயை மாட்டி நிரப்பிவிட்டுப் போய்விடுவான். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க மாட்டான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய குறை இருந்தது. அது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அதனால் மேனேஜர் ரோஜர் ஸ்டென்ஸ்லாண்டுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. புது நூற்றாண்டு பிறக்கப்போகிறதென்று உலகமே பரபரத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் மினியாபொலிஸில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். போகும்போது தொப்பியோடு போன மனிதர் வரும்போது ஒரு கொள்கையோடு வந்தார்.

லூத்தரன் சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் ஆண்டுக் கூட்டம். பன்றித்தொடைக் கறியும் பாலில் வெந்த உருளைக்கிழங்கும் ஓரத்து மேஜையில் மூடி வைக்கப்பட்டிருந்தன. பேச்சு முடிந்தால்தான் மூடியைத் திறப்பார்கள். மேனேஜர் எழுந்தார்.

"உறுப்பினர்களே! இதுவரைக்கும் கம்ப்யூட்டர்ல இருக்கிற புரோகிராம் எல்லாம் சுத்த சோம்பேறிங்க. ஒரே எடத்துல உக்காந்துகிட்டு, அடுத்த கம்ப்யூட்டருக்கு போன் போட்டு, 'அங்க என்ன நெலவரம், இங்க என்ன நெலவரம்'னு கேட்டுகிட்டு கெடக்கும். நான் கொண்டாந்திருக்கிறது நடமாடும் முகவர். இவரு போன் போட மாட்டாரு. மூட்டை கட்டிகிட்டு இவரே கிளம்பிடுவாரு! கம்பி வழியா உங்க வீட்டுப் பெட்டிக்குள்ள வந்து இறங்குவாரு, விசாரிப்பாரு, விஷயத்த மூட்டையில போட்டுகிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாரு. கன்சாஸ்ல இருக்கிற மொத்த வியாபாரியோட கம்ப்யூட்டருக்கே போய் நேருக்கு நேரா வெல பேசுவாரு. உங்க சார்புல பேசுவாரு, உங்க சார்புல முடிவெடுப்பாரு. இனிமே நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். நானும் ஒண்ணுமே செய்ய வேண்டாம்!"

கைதட்டல் பலமாக இருந்தது. கறி ஆறிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

ஹார்லன் ட்வைட் எழுந்தார். கோதுமை விவசாயி, நல்ல உயரம், பேசும்போது தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருப்பார். "வர்ற முகவரு எங்க தங்குவாரு?" என்று கேட்டார். "எங்க வீட்ல மாடி அறை சும்மாத்தான் கெடக்கு."

"அவரு ஆள் இல்ல ஹார்லன், புரோகிராம்."

"அது சரி. குளிர்ல அலையப்போறாரேன்னு கேட்டேன்."

ஹார்லனின் மனைவி ஏவிஸ் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். தீர்மானம் நிறைவேறியது.

ஒவ்வொரு சமையலறையிலும் டோஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து உட்கார்ந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை, கீழே இரண்டு பித்தான். டேங்கின் முள்ளோடு அதற்கு இணைப்பு. முகவர் வந்தால் மணியடிக்கும். "வணக்கம். உங்கள் டேங்கில் கேஸ் குறைந்திருப்பதைக் காண்கிறேன். உங்களைவிடத் தேவையுள்ளவர் உங்கள் அருகில் உண்டா?" என்று எழுத்து ஓடும். இல்லை என்று அமுக்கினால் ஆர்லினுக்கு உத்தரவு போகும், அவன் லாரியின் குழாய்ப்பூட்டு அந்த வீட்டுக்கென்று திறந்துகொள்ளும். உண்டு என்றால் யார், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முகவர் அந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

இந்தக் கேள்வியை எழுதியவர்கள் அதைச் சிகாகோ வியாபாரிகளிடம் சோதித்துப் பார்த்திருந்தார்களாம். அத்தனை பேரும் கேள்வியை முழுக்கப் படிக்காமலே இல்லை என்று அமுக்கினார்களாம். அதனால் இன்னொரு பித்தானை யாராவது அமுக்குவார்கள் என்ற கவலையே அவர்களுக்கு வரவில்லை. எங்கள் கவுண்டியில் உண்டு என்ற பித்தானைத் தவிர வேறெதையும் யாரும் தொடவில்லை. தொடத் தோன்றவும் இல்லை. ஒரு விருந்தாளி வந்து, உன்னைவிடக் கஷ்டப்படுகிறவன் இருக்கிறானா என்று கேட்கிறார். இல்லை, ஊரிலேயே நான்தான் பரிதாபம் என்று சொல்ல ஒருவனுக்கு எப்படி வாய் வரும்?

முகவர் வீடு வீடாகப் போனார். எல்லோரும் மிகுந்த அன்போடு அடுத்த வீட்டைக் கைகாட்டினார்கள். அது வெயில் நீண்ட இலையுதிர்காலம், டேங்கில் பழைய கேஸ் இருந்தது, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மேனேஜரின் திரையில் மட்டும் தெரிந்தது. அதை அவர் சுற்றறிக்கையாகவே போட்டார்: கேஸ் கேட்பவர் எவருமில்லை, குறை சொல்பவர் எவருமில்லை, லாரி வாசலைத் தாண்டாததால் டீசல் செலவும் இல்லை. முகவரை விற்ற மினியாபொலிஸ்காரர்கள் பூரித்துப்போனார்கள். வடமேற்குச் சமவெளியின் மிகத் திருப்தியான உறுப்பினர்கள் என்று எங்களுக்குப் பெயர் கொடுத்து, ஃப்ளோரிடாவில் நடக்கும் விழாவில் மேனேஜருக்கு ஒரு கேடயம் தருவதாக அறிவித்தார்கள்.

ஜனவரியில் குளிர் இறங்கியது. எச்சில் தரையைத் தொடுவதற்குள் உறைகிற குளிர். அந்த வாரம்தான் நுரையீரல் காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த ஏவிஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். "சூடா வச்சுக்குங்க, அவ்வளவுதான் மருந்து" என்றார் டாக்டர். ஹார்லன் அவளைச் சோபாவில் படுக்கவைத்து, வீட்டிலிருந்த போர்வையெல்லாம் போர்த்திவிட்டுக் கொல்லைக்குப் போய்ப் பார்த்தார். முள் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மணியடித்தது. முகவர் வந்திருந்தார். கேள்வி ஓடியது.

ஹார்லன் பித்தானுக்குமேல் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"என்னத்த யோசிக்கிற?" என்றாள் ஏவிஸ் சோபாவிலிருந்து. "பக்கத்து ரஸ்டாட் வீட்ல கைக்குழந்தை இருக்கு. உண்டுன்னு போடு."

"டாக்டர் ஒன்ன சூடா வச்சுக்கச் சொன்னாரு."

"டாக்டருக்கு என்ன தெரியும், ரஸ்டாட் வீட்ல கொழந்த பொறந்தது? போடுன்னா போடு. எனக்கு ஒண்ணும் இல்ல, சளிதான்."

ஹார்லன் உண்டு என்று போட்டார். முகவர் நன்றி சொல்லிவிட்டு ரஸ்டாட் வீட்டுக்குப் போனார். அங்கே குழந்தையைக் கோட்டுக்குள் சுற்றி வைத்துக்கொண்டிருந்த பெண், ஐயோ பாவம் ஏவிஸ் இப்போதுதானே ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள் என்று நினைத்து, உண்டு என்று அமுக்கினாள்.

மறுநாள் உலை அணைந்தது. ஹார்லன் ஒரு சின்ன மின்சாரக் கணப்பை ஏவிஸின் காலடியில் வைத்துவிட்டுக் கூட்டுறவு அலுவலகத்துக்கு வண்டியை ஓட்டினார். வாசலில் லாரி நிறைய கேஸோடு நின்றது. ஆர்லின் உள்ளே உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நான் ரெடி. லாரியும் ரெடி. இந்தப் பாழாப்போன பூட்டு தொறக்க மாட்டேங்குது" என்றான்.

"ஒடச்சிடலாமா?"

"ஒடச்சா பம்பு நின்னுடும்ணே. அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கானுங்க. உள்ள போய் அந்தாள்கிட்ட பேசுங்க."

உள்ளே நன்றாகச் சூடாக இருந்தது. மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஃப்ளோரிடாவுக்குப் பயணப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஹார்லன், உக்காருங்க. காபி குடிக்கிறீங்களா?"

"வேணாம், உங்களுக்கு எதுக்கு சிரமம்." ஹார்லன் தொப்பியைத் திருகினார். "கேஸ் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. தீந்துபோச்சுன்னே வச்சுக்கலாம். ஏவிஸுக்கு நெஞ்சுல சளி. ஆர்லினக் கொஞ்சம் அனுப்பினா..."

மேனேஜர் திரையைப் பார்த்தார். "முகவர் உங்க வீட்டுக்கு வந்தாரே. என்ன அமுக்கினீங்க?"

"உண்டுன்னு."

"அப்போ நீங்க சொன்னதத்தான் செஞ்சிருக்காரு! உங்களைவிடக் கஷ்டப்படுறவங்க உண்டுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ரஸ்டாட் வீட்ல கொழந்த இருக்கேன்னு பாத்தேன். அவங்களுக்காவது கெடச்சுதா?"

மேனேஜர் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க என்ன சொல்லியிருக்காங்க தெரியுமா? 'உண்டு, ஏவிஸ் ட்வைட்.' பாத்தீங்களா ஹார்லன்! இதுதான் கூட்டுறவு. எனக்குக் கண்ணே கலங்குது. இத நான் ஃப்ளோரிடாவுல மேடையில சொல்லப்போறேன்."

"சொல்லுங்க. ஆனா ஆர்லின் வெளிய சும்மாதான் ஒக்காந்திருக்கான். லாரியும் நெறஞ்சு நிக்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா..."

"நான் சொல்லலாம்" என்றார் மேனேஜர் வருத்தத்தோடு. "ஆனா நான் சொன்னா அது மேனேஜர் சொன்னதாயிடும். ஒரு மனுஷன் குறுக்க பூந்தா மொத்த ஏற்பாடும் மனுஷ ஏற்பாடாயிடும். அதுலேர்ந்து தப்பிக்கத்தான இவ்வளவு செலவு பண்ணியிருக்கோம்? முகவர நம்புங்க. அடுத்த தடவ வந்தா, இல்லைன்னு அமுக்குங்க, முடிஞ்சுது."

"எல்லாரையும்விட எனக்குத்தான் அதிகமா வேணும்னு நானே சொல்றதா?"

"ஆமா."

ஹார்லனின் காது மடல் சிவந்துவிட்டது. எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஏவிஸைச் சமையலறைக்கே கொண்டுவந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவளுக்கு இருமல் வந்தால் நிற்பதற்கு நேரமாகியது. அவர் விஷயத்தைச் சொன்னார்.

"இல்லைன்னு போட்டுட்டு ஞாயித்துக்கெழம சர்ச்சுல எந்த மூஞ்சிய வச்சுகிட்டு உக்கார்றது?" என்றாள்.

"ஒன் மூஞ்சிய வச்சுகிட்டுத்தான். அது நல்லாத்தான இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகிவிட்டது. ஹார்லன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

மணியடித்தது. ஹார்லன் பாய்ந்தார். வந்தவர் எங்கள் முகவர் இல்லை, வேறொருவர். பெட்டியில் காலியிடம் இருந்ததால் கூட்டுறவு அதை மற்ற கம்பெனி முகவர்களுக்கும் வாடகைக்கு விட்டிருந்தது. முகவர்கள் வழியில் சந்தித்தால் செய்திகளைப் பரிமாறிக்கொள்வார்கள், அதற்குக் கமிஷன் உண்டு. இவர் பக்கத்து நகரத்து ஈமச்சடங்கு நிறுவனத்தின் முகவர். "உங்கள் இல்லத்தில் வெப்பம் குறைவு என்றும், நோயுற்ற ஒருவர் இருக்கிறார் என்றும் அறிகிறோம். தேவை ஏற்படுமுன் பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது" என்று திரையில் ஓடியது.

"யாரு? என்ன கேக்குறாரு?" என்றாள் ஏவிஸ்.

"வெத வியாபாரி" என்றார் ஹார்லன். அவர் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். கையால் திரையை மறைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் முகவர் வந்தார். உங்களைவிடத் தேவையுள்ளவர் உண்டா? ஹார்லன் கண்ணை மூடிக்கொண்டு இல்லை என்று அமுக்கினார். எங்கள் கவுண்டியில் அந்தப் பித்தானைத் தொட்ட முதல் மனிதர் அவர்தான்.

முகவர் பதிலைக் குறித்துக்கொண்டார். பிறகு எழுத்து ஓடியது. "உங்கள் பதில் இக்கவுண்டியின் வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது. பிழையாக இருக்கலாம். மற்ற உறுப்பினர்கள் அனைவரிடமும் உறுதி செய்துகொண்டு திரும்புகிறேன்."

அன்று எங்கள் ஒவ்வொரு சமையலறையிலும் மணியடித்தது. "உறுப்பினர் ஹார்லன் ட்வைட், தம்மைவிடத் தேவையுள்ளவர் எவருமில்லை என்கிறார். ஒப்புக்கொள்கிறீர்களா?"

இரண்டு தரம் படித்தேன். ஹார்லன் வாய்விட்டுக் கேட்டுவிட்டார் என்றால் அந்த வீட்டில் என்ன நிலைமை! எல்லோரும் ஒப்புக்கொண்டோம். ரஸ்டாட் வீட்டுப் பெண் பித்தான் உள்ளே போய்விடுகிற மாதிரி அமுக்கினாளாம். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லலாமென்றால் எல்லோர் வீட்டு உலையும் அணைந்து கிடந்தது. போதாக்குறைக்குப் பனிப்புயல் வேறு பிடித்துக்கொண்டது, ஆம்புலன்ஸ் வர முடியாதென்று சொல்லிவிட்டார்கள்.

இனி ஒரே ஒருவரின் சம்மதம்தான் பாக்கி. மேனேஜரும் கூட்டுறவில் உறுப்பினர். அவருடைய பெட்டி அலுவலகத்து மேஜைமேல் இருந்தது. அலுவலகம் பூட்டியிருந்தது. அவர் ஃப்ளோரிடாவில் இருந்தார். முகவர் அந்தப் பெட்டிக்குள் போய் இறங்கி, மணியடித்துவிட்டு, பொறுமையாகக் காத்திருந்தார்.

வாசலில் நின்ற ஆர்லினுக்கு அந்த மணி கேட்டது. அவன் ஃப்ளோரிடாவுக்குப் போன் போட்டான்.

"முகவர் என் சம்மதத்த நேர்ல கேக்குறாரு, ஆர்லின்" என்றார் மேனேஜர். பின்னால் பாண்டு வாத்தியம் கேட்டதாம். "எனக்குப் பதிலா இன்னொருத்தர் அமுக்கினா அது கள்ள ஓட்டு மாதிரி. நான் திங்கக்கெழம வந்துடுவேன். ஹார்லன் புரிஞ்சுக்குவாரு. அவரு மாதிரி பொறுமசாலி இந்த மாநிலத்துலயே கெடையாது."

கதவை உடைத்துவிடலாம் என்றான் ஆர்லின். எங்களுக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் அது கூட்டுறவின் கதவு. ஆளுக்கொரு பங்கு உள்ள கதவை எல்லோரையும் கேட்காமல் எப்படி உடைப்பது? போனில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தோம். "எனக்கு ஆட்சேபணை இல்ல, மத்தவங்க என்ன சொல்றாங்க?" என்றார்கள் எல்லோரும்.

ஏவிஸ் ஞாயிற்றுக்கிழமை பகலில் இறந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே. ஹார்லனின் கோட்டும் அவள்மேல்தான் இருந்தது.

மேனேஜர் சொன்னபடியே திங்கட்கிழமை வந்து ஒப்புக்கொண்டார். சவ அடக்க ஜெபம் முடிந்து ஹார்லன் வீட்டுக்கு வந்தபோது வாசலில் லாரி நின்றது. பூட்டு திறந்திருந்தது.

"இதக் கொண்டுபோய் ரஸ்டாட் வீட்ல ஊத்து" என்றார் ஹார்லன்.

"முடியாதுண்ணே. உங்க டேங்குல மாட்டினாத்தான் இது ஓடும்." ஆர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே குழாயை மாட்டி, டேங்க் கொள்ளும் மட்டும் நிரப்பினான்.

உலை எரிந்தது. வீடு சூடானது. எங்கள் பக்கம் மண் கல்லாக உறைந்து கிடக்கும்போது குழி வெட்ட முடியாது. வசந்தம் வரும்வரை சவப்பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் வைத்திருப்பார்கள். நான் சாப்பாடு கொண்டுபோனபோது ஹார்லன் கோட்டில்லாமல் வெறும் சட்டையோடு வெளிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போங்க ஹார்லன், வெறச்சுப்போயிடுவீங்க" என்றேன்.

"உள்ள ரொம்பப் புழுங்குது" என்றார். "அவ அங்க அந்த அறையில கெடக்கா. நான் மட்டும் எப்படி உள்ள உக்கார்றது?"

பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

மற்ற வீடுகளில் மின்சாரக் கணப்போடு ஒரே அறையில் ஒடுங்கிக் குளிர்காலத்தைத் தள்ளினோம். மார்ச்சில் ஆண்டுக் கூட்டம். அதே சர்ச், அதே கறி. மேனேஜர் கேடயத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அறிக்கை வாசித்தார். "வருத்தமான ஒரு சம்பவம் நடந்துச்சு, மறைக்க விரும்பல. ஆனா ஆராய்ஞ்சு பாத்ததுல முகவர் ஒவ்வொரு கட்டத்துலயும் சரியாத்தான் நடந்திருக்காரு. ஆர்லின் சரியா நடந்திருக்கான். நானும் சரியா நடந்திருக்கேன். இவ்வளவு பேரு சரியா நடந்தும் ஒருத்தர் எறந்துபோயிட்டாங்கன்னா, அந்தக் குளிர் எவ்வளவு கடுமையா இருந்திருக்கணும்னு பாருங்க! அதனால அடுத்த வருஷத்துக்கு ரெண்டு முகவர் வாங்கலாம்னு நிர்வாகக் குழு நெனைக்குது. யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

ஹார்லன் எழுந்தார். அவர் கையில் தொப்பி இல்லை, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஏவிஸ இன்னும் பொதைக்கல. மண்ணு இன்னும் எளகல" என்றார். "நான் பேசத் தெரிஞ்சவன் இல்ல. எனக்கு வேணும்னு நான் ஒரே ஒரு தடவதான் கேட்டேன். அதுக்கு ஊர் முழுக்கப் போய் விசாரிச்சாங்க. இந்த முகவர் வேணாம். ஆர்லினே பழையபடி வந்து ஊத்தட்டும். எந்த வீட்லயும் யாரும் எதையும் கேக்க வேண்டாம். இத நான் தீர்மானமா கொண்டுவர்றேன்."

நாங்கள் தலையாட்டினோம். ஒருவர் விடாமல் எல்லோரும் அவர் பக்கம்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

"நல்லது" என்றார் மேனேஜர். "விதிப்படி ஒருத்தர் வழிமொழியணும். யார் வழிமொழியறீங்க?"

வழிமொழிய வேண்டுமென்றால் அதற்கு முதல் உரிமை ஏவிஸின் தம்பிக்குத்தானே? நாங்கள் அவரைப் பார்த்தோம். கடைசிவரை அவளுக்காகத் தவித்தவள் ரஸ்டாட் வீட்டுப் பெண்தானே என்று அவர் அவளைப் பார்த்தார். லாரியோடு வாசலில் நின்றவன் ஆர்லின் என்று அவள் ஆர்லினைப் பார்த்தாள். ஆர்லின், அவளுக்கு அடக்க ஜெபம் செய்த பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர், தான் முந்திக்கொண்டால் குடும்பத்தார் என்ன நினைப்பார்களோ என்று மறுபடி தம்பியைப் பார்த்தார். எனக்கும் கை தூக்கத் துடித்தது. ஆனால் என்னைவிட நெருங்கினவர்கள் அத்தனை பேர் இருக்கும்போது நான் முந்துவது மரியாதையாக இருக்காது.

மேனேஜர் வெகுநேரம் காத்திருந்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு சுத்தியலால் மேஜையைத் தட்டி, வழிமொழிபவர் இல்லாததால் தீர்மானம் கைவிடப்படுகிறது என்று அறிவித்தார்.

ஹார்லன் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்க ஹார்லன்" என்றார் மேனேஜர், மிகவும் மரியாதையாக. "பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்குது."

ஹார்லன் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். எங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.